உங்கட கடைசி ரிப்போட்ல திகதி என்ன?

கடைசியா எப்ப ரத்தத்தில சீனி செக் பண்ணினீங்க எண்டு கேட்டா வெள்ளவத்தையில என்னட்ட வாற கனபேர் சொல்ற பதில், "இப்பதான் டொக்டர், கொரோனாவுக்குக் கொஞ்சம் முந்தி." இப்பதானாம்! இங்க நாடு முழுக்க முதல் ஊரடங்கு போட்டது 2020 மார்ச் 20, அது முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்கும் மேல போயிட்டுது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிஞ்சுது எண்டு சொன்னதே 2023 மே மாசம்.

ஆக்களைக் குறை சொல்லவும் ஏலாது. கல்யாண வீடு, சாமத்திய வீடு ஒண்டுமில்லாம வீட்டுக்குள்ளயே கிடந்தா எந்த மாசம் என்ன நடந்தது எண்டு எப்பிடி ஞாபகம் இருக்கும், அதில இருந்து எழும்ப முதலே 2022ல பெற்றோல் கியூ, காஸ் கியூ, கரண்ட் கட், எல்லாம் சேர்ந்து கொத்துரொட்டி மாதிரி ஆயிட்டுது.

எனக்குப் பயமா இருக்கிறது மருந்துத் துண்டுகள்தான். ஊரடங்கு நேரம் அரசாங்க கிளினிக் ஆக்களுக்கு தபால்லயே மருந்து வந்தது, உண்மையிலயே நல்ல வேலை. பிரைவேட்டா காட்டின ஆக்கள் பழைய துண்டை ஃபோட்டோ எடுத்து வட்ஸ்அப்பில பாமசிக்கு அனுப்பிச்சினம், அப்ப அதுவும் சரி. ஆனா சிலர் இன்னும் அதே ஃபோட்டோவைத்தான் அனுப்பினம்! அதே மெட்ஃபோமின் எண்ட சீனிக் குளிசை, அதே அளவு. இவ்வளவு காலத்தில எடை மாறியிருக்கும், கிட்னி முந்தி மாதிரி வேலை செய்யாம இருக்கலாம், கிட்னி குறைஞ்சா மெட்ஃபோமினையும் குறைக்கோணும், சிலருக்கு நிப்பாட்டவே வேணும், கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் பாக்காம அதை ஆர் கண்டுபிடிக்கிறது?

கண்ணும் அப்பிடித்தான். சீனி வருத்தக்காரர் வருஷத்துக்கு ஒருக்காவாவது விழித்திரையைக் காட்டோணும், துவக்கத்தில நோவும் இருக்காது மங்கலும் இருக்காது, பார்வை மங்கி வரேக்க வருத்தம் நல்லா முத்தியிருக்கும். டெஸ்டுக்கு முதல் ரெண்டு நாள் சோத்தைக் குறைச்சு என்னை ஏமாத்தப் பாக்கிற ஆக்களும் இருக்கினம், எச்பிஏ1சி எண்ட ரத்த டெஸ்ட் ரெண்டு மூண்டு மாசச் சீனிச் சராசரியைக் காட்டும், அதில அந்த விளையாட்டு சரிவராது.

வீட்டில ரிப்போட் எல்லாம் ஒரு சொப்பிங் பேக்குக்குள்ள இருக்கும்தானே, இண்டைக்கே எடுத்துத் திகதியைப் பாருங்க. 2019, 2020 எண்டு இருந்தா புதுசா எடுக்கோணும். காசு பிரச்சினை எண்டா அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல இருக்கிற ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குப் போங்க, சீனியும் பிரஷரும் இலவசமா பாப்பினம். வெறும் வயித்தோட போங்க, தண்ணி மட்டும் குடிக்கலாம். பால்தேத்தண்ணி குடிச்சிட்டுப் போய்த் திரும்பி வாற ஆக்கள் கனபேர்.