விழக் கற்றுக்கொடுத்தவர்

போன வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜூடோ கிளாஸில் விழுந்திருக்கிறான். "தலையில அடியே படல டாக்டர், முதுகுலதான் விழுந்தான்" என்று மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தலையைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, கீறல்கூட இல்லை. ஆனால் வழியில் மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தான். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தான். சி.டி. ஸ்கேனில் மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவே பிறை வடிவில் ரத்தம் தெரிந்தது.

மெல்லிய படலம்தான். கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, அனுப்பிவிட்டோம். அவன் அம்மாவிடம் பேசியபோதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. வியாழக்கிழமை கிளாஸிலும் விழுந்திருக்கிறான், அன்றைக்கே தலைவலி என்று சொல்லியிருக்கிறான். "பெல்ட் டெஸ்ட் வருதுன்னு சாக்குச் சொல்றான்னு நெனச்சேன் சார்" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வயதுப் பையன்கள் நிஜமாகவே சாக்குச் சொல்வார்கள்.

தலையில் அடி படாமல் மண்டைக்குள் எப்படி ரத்தம் கசியும்? முற்றிக் காய்ந்த தேங்காயைக் குலுக்கிப் பாருங்கள், ஓடு உடையாமலே உள்ளே கொப்பரை உருளும். மூளை அவ்வளவு தளர்வாக இல்லை என்றாலும், மண்டையோட்டுக்குள் கொஞ்சம் நகரக்கூடியதுதான். அதன் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குச் சின்னச் சின்ன சிரைகள் பாலம் போல ஓடுகின்றன. முதுகு தரையில் மோதி நின்ற பிறகும் தலை பின்னால் வெட்டி இழுபட்டால், அந்தச் சிரைகள் அறுந்துபோகலாம். முந்தின அதிர்ச்சி ஆறாத மூளை இரண்டாவது அதிர்ச்சியை இன்னும் மோசமாகத் தாங்கும். ஆகவே வியாழக்கிழமைத் தலைவலியைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஜிகோரோ கானோ ஞாபகம் வருவார். ஜூடோவை உருவாக்கியவர். 1938 மே 4 அன்று, கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தை முடித்து ஊர் திரும்பும் வழியில், ஹிகாவா மாரு என்ற கப்பலில் நிமோனியாவால் இறந்தார். அப்போது வயது 77. அவர் டோக்கியோவுக்காகப் பேசி வாங்கியிருந்த 1940 ஒலிம்பிக், போரால் நடக்காமலே போனது. அந்தக் கப்பல் மட்டும் யோகோஹாமாவில் அருங்காட்சியகமாக இன்னும் நிற்கிறது.

அவரைச் சண்டைக்காரர் என்று நினைத்தால் தவறு. தொழிலால் வாத்தியார். டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைமையில் பல வருடம் இருந்தார். 1909இல் ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரான முதல் ஆசியர். 1911இல் ஜப்பானின் அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கி, மறு வருடமே இரண்டு ஓட்டக்காரர்களை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார். இத்தனை வருடம் அந்தக் குழுவில் இருந்தும் ஜூடோவை ஒலிம்பிக்கில் நுழைக்க அவர் முண்டியடிக்கவில்லை. அவர் இறந்து 26 வருடம் கழித்து, 1964இல்தான் அது உள்ளே போனது. நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு: அவருடைய ஜூடோ பள்ளியிலிருந்து வந்த தகாகாகி என்பவர் 1929இல் தாகூர் அழைப்பின் பேரில் சாந்திநிகேதனில் ஜூடோ கற்றுக்கொடுத்தார்.

சின்ன வயதில் கானோ ஒல்லி, குள்ளம். விடுதியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கியே ஜுஜுட்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டை வித்தையைப் படிக்கப் போனார். முதல் ஆசிரியர் ஃபுகுதாவிடம் "இந்தப் பிடியை எப்படிப் போடுவது?" என்று கேட்டால், விளக்கமே கிடையாது. இன்னொரு தடவை தூக்கிப் போடுவார், திரும்பக் கேட்டால் திரும்பப் போடுவார். உடம்பெல்லாம் தடவிய களிம்பின் வாடையை வைத்தே கானோ வருவதைக் கூட்டாளிகள் கண்டுபிடிப்பார்களாம். நம்மூரிலும் இப்படிக் கற்ற மாஸ்டர்கள் நிறையப் பேர். "நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கானோவும் அடி வாங்கியே கற்றார், ஆனால் தன் மாணவர்களுக்கு அதே வழியை வைக்கவில்லை.

1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் தன் பள்ளியைத் தொடங்கினார். பழைய வித்தையில் குத்தும் உதையும் மூட்டை முறிக்கும் பிடிகளும் இருந்தன. அவற்றில் ஆபத்தானவற்றைக் காத்தா என்ற ஒப்புக்கொண்ட அசைவு வரிசைக்குள் ஒதுக்கிவிட்டு, எதிராளி பத்திரமாக விழக்கூடிய எறிதல்களை மட்டும் தாராளப் பயிற்சிக்கு வைத்தார். புதிதாக வருபவனுக்கு முதல் பாடம் உகேமி, அதாவது விழும் கலை. தாடையை நெஞ்சோடு ஒட்ட வை, சொந்த பெல்ட்டின் முடிச்சைப் பார், கையால் பாயை ஓங்கி அறை. பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே விழுகிறவனின் தலை பின்னால் வெட்டாது. நான் ஸ்கேனில் பார்த்த சிரைகளைக் காப்பாற்றுவது அந்த ஒரு அசைவுதான்.

இதற்கு மறுபாதி எறிகிறவன் கையில் இருக்கிறது. எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்து எறிந்தவன், கடைசி நொடி வரை அதை விடாமல் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் விழுகிறவனின் தலை தரையில் மோதாது, தோளும் லேசாகத் தொடும். கானோ பற்றி ஒரு கப்பல் கதை சொல்வார்கள். ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது பருத்த உடம்புக்கார ரஷ்யர் ஒருவர் அவரைப் பலப்பரீட்சைக்கு இழுத்தாராம். தூக்கி எறிந்த கானோ, கீழே வரும் தலைக்குத் தன் கையைக் கொடுத்தாராம். காலப்போக்கில் கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம். எனக்கு அந்தக் கை போதும்.

அவருடைய சொந்த நாடே இதை மறந்த காலம் ஒன்று உண்டு. 1983க்குப் பிறகான முப்பது வருடத்துக்குள் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவால் இறந்த பிள்ளைகள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலும் தலைக்காயம். நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் முதல் வருடம் சேர்ந்தவர்களே அதிகம் பலியானார்கள். காலை வாரிப் பின்புறமாகச் சாய்க்கும் ஓசோதோகாரி என்ற எறிதலின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பறிகொடுத்த குடும்பங்கள் 2010இல் சங்கமாகச் சேர்ந்து கேள்வி கேட்ட பிறகே விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. 2022இல் ஜப்பான் ஜூடோ சம்மேளனம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. ஜெயித்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் பிள்ளைகளை எடை குறைக்கவைத்ததும், நடுவர்களைப் பார்த்துக் கத்தியதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். பதக்கத்தை விட்டுக்கொடுக்க ஒரு சம்மேளனம் முன்வந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

பிள்ளையை ஜூடோ, குஸ்தி, குத்துச்சண்டை என்று எதில் சேர்த்தாலும், பீஸ் கட்டும் முன் ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சிமெண்ட் தரையில் யோகா பாய் விரித்து எறிதல் பழக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் வாரமே தூக்கிப் போடுகிறார்களா, சேர்ந்து ஒரு மாதம் ஆனவனை நாலு வருடம் பழகியவனோடு விடுகிறார்களா, அவனைவிடப் பதினைந்து கிலோ கூடுதலானவனோடு விடுகிறார்களா என்று கவனியுங்கள். சுவரில் தொங்கும் பதக்கங்களைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

விழுந்த பிறகு "கிறுகிறுன்னு வருது", "தலை வலிக்குது" என்று பிள்ளை சொன்னாலோ, திருதிருவென்று விழித்தாலோ அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. மயக்கம் போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. குளுக்கோஸ் கொடுத்து மறுபடி இறக்கிவிடும் பழக்கத்தை மாஸ்டர்கள் தயவுசெய்து விட வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், பேச்சுக் குளறல், வலிப்பு, கை கால் பலவீனம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது என எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வீட்டிலிருக்கும் ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், ரத்தக் கசிவை அவை கூட்டக்கூடும். லேசான அதிர்ச்சிதான் என்று டாக்டர் சொன்னாலும் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு ஓட்டம், தலைவலி ஏதும் இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வருவது என்று படிப்படியாகத்தான். பாய்க்குத் திரும்புவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு.

அந்தப் பையன் மூன்றாவது முறை பரிசோதனைக்கு வந்தபோது மாஸ்டரும் கூட வந்திருந்தார். நல்ல மனுஷன், பாதி உடைந்து போயிருந்தார். கானோவைப் பற்றிப் பேசினோம். என்னைவிட அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது, கிளாஸில் படம்கூட மாட்டியிருக்கிறாராம். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தார். தடித்த பாய் வாங்கியாயிற்று, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆறு வாரம் விழுவது மட்டும்தான் என்றார். "நாலு பசங்க போரடிக்குதுன்னு நின்னுட்டாங்க சார்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பரவால்ல, போகட்டும்" என்றார்.