அலை மெதுவாகத்தான் வரும்

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் தூத்துக்குடியில் உள்ள என் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்குக் கைப்பேசியும் கையுமாக வந்தார். காணொளியில் ஒரு மிதவை அலையில் எழுந்து விழுகிறது, அதற்குள் காந்தம் காயிலுக்குள், அதாவது கம்பிச்சுருளுக்குள், ஏறி இறங்குகிறது, பல்பு எரிகிறது. "அண்ணாச்சி, எரிபொருளே வேண்டாமாம். இதில் பணம் போடலாமா?" என்றார்.

நான் பேசவில்லை. அரை அடி பிவிசி குழாயின் மேல் எனாமல் கம்பியை ஆயிரம் சுற்றுச் சுற்றி, எல்இடி ஒன்றை இணைத்து, உள்ளே நியோடிமியம் காந்தத்தைப் போட்டு அவரிடமே கொடுத்தேன். குலுக்கினார், மின்னியது. "இப்போது கடல் அலைபோல ஏற்றி இறக்குங்கள்" என்றேன். அணைந்துவிட்டது. மறுபடி குலுக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

1831இல் ஃபாரடே கண்டறிந்ததும் இதுதான். காயிலுக்குள் காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அவ்வளவு மின்னழுத்தம். காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் வராது. பளுவை, அதாவது மின்சாரத்தை இழுக்கும் பல்பு போன்ற ஒன்றை, மாட்டியதும் காயில் காந்தத்தை எதிர்த்து இழுக்கும். அந்த இழுப்பை வென்று தள்ள வேண்டியது அலை. மின்சாரம் வருவது அந்த உழைப்பிலிருந்துதான், காந்தத்திலிருந்து அல்ல.

கணக்கைப் பாருங்கள். என் மேசையில் கிடக்கும் மோட்டாரின் ரோட்டர் (உள்ளே சுழலும் பாகம்) 10 செ.மீ. விட்டம், நிமிடத்துக்கு 1,440 சுற்று. அதன் விளிம்பு நொடிக்கு ஏழரை மீட்டர் ஓடுகிறது. எட்டு நொடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலையோ நொடிக்குச் சராசரியாகக் கால் மீட்டர்தான் ஏறும். முப்பதில் ஒரு பங்கு வேகம். அந்த வேகத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டிக்கான ஒரு கிலோவாட் எடுக்க, 400 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். அதனால்தான் காந்தமும் செம்பும் இரும்பும் டன் கணக்கில் போகின்றன. அலையின் உச்சியிலும் அடியிலும் காந்தம் நின்று திரும்பும்போது மின்சாரமும் பூஜ்யமாகிவிடும்.

இதையெல்லாம் தெரிந்தே செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனின் மேற்குக் கரையில் லீசெகில் அருகே 2006இல் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் கடலடியில், சுழலாமல் மேலும் கீழும் ஓடும் நேர்கோட்டு ஜெனரேட்டரை இறக்கி, மேலே மிதவையைக் கயிற்றால் பிணைத்தார்கள். கியர் இல்லை, திறன் சுமார் 10 கிலோவாட். நம் தூத்துக்குடிக் கடலிலும் 2022 நவம்பரில் சென்னை ஐஐடி, கரையிலிருந்து 6 கி.மீ. தொலைவில் சிந்துஜா-1 கருவியை மிதக்கவிட்டுச் சோதித்தது. அதில் மிதவையின் ஏற்ற இறக்கம் ஜெனரேட்டரைச் சுழற்றும். கிடைத்தது 100 வாட். சிரிக்க வேண்டாம், நடுக்கடலில் ஒரு சிறிய அளவீட்டுக் கருவிக்கு அது பெரிய சொத்து.

காணொளிகளில் உப்பு தெரியாது. அண்மையில் ஒரு படகின் பம்ப் மோட்டார் வந்தது. வெளியே பெயிண்ட் பளபளத்தது; மூடியைக் கழற்றினால் பேரிங்கில் உப்புப் பூத்திருந்தது, கம்பியின் மின்காப்பை அளக்கும் மெகர் கருவியின் முள் பூஜ்யத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. நியோடிமியம் காந்தம் இன்னும் மோசம். நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் உள்ளே துருப்பிடித்து உதிரும். அதை மாற்றுவது பட்டறை மேசையில் பத்து நிமிட வேலை. கடலடியில் என்றால் சங்கு குளிப்பவரையா அழைப்பது?

பணம் கேட்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன்: எவ்வளவு பளுவை மாட்டினீர்கள், எவ்வளவு உயர அலையில், எத்தனை மாதம் கடலில் கிடந்தது? அவர் என் முன்னாலேயே அந்தக் கேள்விகளை அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. இன்னொரு காணொளி.