சொல் விளக்கம்: புறப்பரப்பு பதப்படுத்திய காந்த நானோதுகள்

'சர்ஃபேஸ் மாடிஃபைடு மேக்னெட்டிக் நானோபார்ட்டிகிள்' என்பதை 'மேற்பரப்பு மாற்றப்பட்ட காந்த நானோதுகள்' என்று தமிழில் எழுதுவதுண்டு. தப்பில்லை. ஆனால் எதற்காக மாற்றினார்கள் என்பது அதில் தெரிவதில்லை. நீரிலுள்ள மாசைப் பிடிப்பது போன்ற வேலைக்காக மேற்பரப்பைத் தயார்செய்த, காந்தத்தால் இழுபடும் மிகச் சிறிய துகள் இது.

'நானோ' கிரேக்கச் சொல்; 'நானோஸ்' என்றால் குள்ளன். 1960இல் பன்னாட்டு அலகு முறை அதை நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு வைத்துக்கொண்டது. 'மீநுண்' அழகான சொல்தான், ஆனால் அளவைச் சொல்லாது. ஆகவே நானோ அப்படியே இருக்கட்டும்.

ஆங்கில 'மேக்னெட்', மக்னீசியா என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. நம் 'காந்தம்' வந்த வழி இன்னும் சுவையானது. வடமொழியில் 'அயஸ்காந்தம்' என்றால் இரும்பின் காதலன். சித்த மருத்துவத்தின் அயக்காந்தச் செந்தூரத்தில் அந்த முழுப்பெயர் இன்றும் இருக்கிறது. 'கண் காந்துகிறது' என்கிறோமே, அந்தக் காந்தலோடு இதை இணைப்பவர்களும் உண்டு. எனக்கு அயஸ்காந்தமே பொருத்தமாகப் படுகிறது.

சரி, 'மாடிஃபைடு'? இரண்டு வகை இரும்பு உப்புகளை நீரில் கரைத்து அம்மோனியா விட்டால், கரைசல் சட்டென்று மைபோலக் கறுக்கும். அந்தக் கரும்பொடிதான் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. வெறுமனே விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். காற்றுபட்டு மெல்லப் பழுப்பேறும். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பேறாமல் ஈயம் பூசுவதுபோல, இதற்கு மணலில் உள்ள சிலிக்காவைப் பூசுகிறார்கள். இதோடு முடிந்தால் 'பூச்சு' என்றே சொல்லிவிடலாம். ஆனால் அப்புறம்தான் முக்கிய வேலை. பூச்சின்மேல் கந்தகம் உள்ள தயோல் தொகுதியைப் பிணைத்தால் பாதரசத்தைப் பிடிக்கும். நைட்ரஜன் உள்ள அமீன் தொகுதி செம்பு அயனியைப் பிடிக்கும். பல்லேடியம் என்னும் உலோகத்தை ஏற்றினால் துகளே வினையூக்கியாகிவிடும். ஒரு வேலைக்கென்று பொருளைத் தயார்செய்வதைத் தமிழில் பதப்படுத்தல் என்போம்: தோலைப் பதப்படுத்துகிறோம், மண்ணைப் பதப்படுத்துகிறோம். 'புறப்பரப்பு' என்பதோ நம் வேதியியல் பாடநூலில் ஏற்கெனவே உள்ள சொல். ஆகவே 'புறப்பரப்பு பதப்படுத்திய காந்த நானோதுகள்' என்பதே என் பரிந்துரை.

'காந்த' என்ற அடைமொழிக்கும் வேலை உண்டு. குடுவையின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்தால், கலங்கிய கறுப்பு நீர் கொஞ்ச நேரத்தில் தெளிந்து, பொடி முழுவதும் கண்ணாடிச் சுவரில் அப்பிக்கொள்ளும். வடிகட்ட வேண்டியதில்லை, பொடியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால், காந்தத்தை எடுத்ததும் துகளின் காந்தத்தன்மையும் விட்டுப்போகும். அதனால் பொடி திரும்ப நீரில் பரவும். 2006இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்களால் நீரிலுள்ள ஆர்செனிக்கைப் பிடித்து, வலுக்குறைந்த காந்தப்புலத்திலேயே பிரித்துக் காட்டினார்கள்.

எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'துகள் மாசை உறிஞ்சுகிறது' என்பது சரியல்ல. மாசு உள்ளே போவதில்லை, பதப்படுத்திய பரப்பின்மேல்தான் ஒட்டி நிற்கிறது. அதற்குப் பாடநூல் தரும் சொல் 'பரப்பு கவர்தல்'. உள்ளே இழுத்துக்கொண்டால்தான் 'உட்கவர்தல்'.