பறித்த பிறகும் குளிரை உணரும் காய்

ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்த வெள்ளரிக்காயை வெளியே எடுக்கும்போது அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். சேதம் ஓரிரு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். தோலில் சின்னச் சின்னப் பள்ளங்கள், அவற்றைச் சுற்றி நீர் கோத்த மாதிரி ஒரு மினுமினுப்பு, விரல் வைத்தால் கொழகொழப்பு. காய்க்குள் பனிக்கட்டி எதுவும் உருவாகவில்லை. இருந்தது 4, 5 டிகிரியில்தான், உறைநிலைக்கு மேலே. ஆனாலும் குளிர் அதை அடித்துவிட்டது. கத்தரி, வெண்டை, தக்காளி, குடைமிளகாய், சர்க்கரைவள்ளி எல்லாம் இதே கட்சி. காய்க்குத் தகுந்தபடி சுமார் 7 முதல் 13 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் அவற்றுக்குத் தாங்காது. முட்டைக்கோஸும் கேரட்டும் 0 டிகிரியிலேயே வாரக்கணக்கில் நன்றாக இருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள, பறித்த காய்க்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதை மனதில் வைக்க வேண்டும். அது சுவாசிக்கிறது, தேவைக்கேற்ப மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் செய்கிறது. அறுவடை செய்த முட்டைக்கோஸுக்கு ஒளியையும் இருட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், அதன் உள்கடிகாரம் பகல் இரவு பார்த்து ஓடுவதை அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2013-இல் காட்டினார்கள். அதைப் படித்த பிறகு காய்கறிக் கூடையை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

சரி, குளிர் எங்கே தாக்குகிறது? முக்கியமாக, செல்லைச் சுற்றியுள்ள சவ்வில். சவ்வின் அடித்தளம் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை, அல்லவா? நல்லெண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். அந்த இடங்களில் சங்கிலி வளைந்து நிற்பதால் நெருக்கி அடுக்க முடியாது, இளக்கமாகவே இருக்கும். குளிர் தாங்கும் செடிகளின் சவ்வும் இப்படித்தான். தாங்காதவற்றின் சவ்வு விறைத்து, உப்புகளும் நீரும் கசிகின்றன. சுவாச வேலை தடுமாறி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் துகள்கள் பெருகுகின்றன. வெள்ளரித் தோலில் நாம் பார்த்த பள்ளம் அதன் கடைசிக் கட்டம்.

சவ்வில் எந்தக் கொழுப்பு சேர வேண்டும் என்பதை நொதிகளும், அந்த நொதிகளை மரபணுக்களும் தீர்மானிக்கின்றன. 1992-இல் ஜப்பானில் நொரியோ முராட்டாவின் குழு இதை அழகாக நிரூபித்தது. அவர்கள் இப்படிப்பட்ட ஒரு நொதிக்கான மரபணுவைப் புகையிலைச் செடியில் புகுத்தினார்கள். பூசணி இனத்திலிருந்து எடுத்ததைப் புகுத்தியபோது செடி குளிருக்கு இன்னும் நலிந்தது. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடாப்சிஸிலிருந்து எடுத்ததைப் புகுத்தியபோது தாங்கும் திறன் கூடியது.

ஆனால் ஒரு மரபணுவோடு கதை முடிவதில்லை. மேலே ஒரு தலைமை இருக்கிறது. குளிர் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கும் ஐசிஇ1 என்ற புரதம் விழித்துக்கொண்டு, சிபிஎஃப் மரபணுக்களை இயக்குகிறது. 2003-இல் இந்த ஐசிஇ1-ஐ முதலில் விவரித்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் விஸ்வநாதன் சின்னுசாமி. அரபிடாப்சிஸில் குளிர் தொடங்கி 15 நிமிடத்துக்குள் சிபிஎஃப் மரபணுக்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதம், சி-சி-ஜி-ஏ-சி என்ற ஐந்து டிஎன்ஏ எழுத்துகள் முன்வாசலில் எழுதியிருக்கும் மரபணுக்களைத் தேடிப் போய் அவற்றை எழுப்புகிறது. அவை செல்லைக் காக்கும் புரதங்களையும் சர்க்கரைகளையும் பெருக்குகின்றன.

தக்காளியிடம் இந்த ஏற்பாடு இல்லையா? இருக்கிறது! என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் இதுதான். தக்காளியில் சிபிஎஃப் மரபணுக்கள் மூன்று அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் குளிருக்குப் பதில் சொல்கிறது. அந்த ஒன்றை எடுத்து அரபிடாப்சிஸில் வைத்தால் அந்தச் செடி உறைபனியை நன்றாகத் தாங்குகிறது. ஆக, புரதத்தில் குறையில்லை. தக்காளிக்குள்ளேயே அதை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைத்தாலும் பலன் இல்லை, ஏனென்றால் அதன் கட்டளைக்கு எழுந்திருக்கும் மரபணுக்கள் அங்கே மிகச் சிலவே. தட்டுகிற கை இருக்கிறது, திறக்கிற கதவுகள்தான் குறைவு.

அப்படியானால் வேறு கதவைத் தட்டலாம். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1991-இல் தக்காளியை முதலில் 3 நாள் 38 டிகிரி சூட்டில் வைத்து, அப்புறம் 2 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள். வழக்கமான குளிர்ச் சேதம் வரவில்லை. சூட்டுக்காக உருவான வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், வடிவம் குலையும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிப்பவை. குளிரிலும் அவை அதே வேலையைச் செய்தன. வேறு சில காய்களைப் படிப்படியாகக் குளிர்விப்பதும் இதே போல முன்னெச்சரிக்கை கொடுப்பதுதான்.

கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. 2016-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு பழுத்த தக்காளியை 7 நாள் 5 டிகிரியில் வைத்துப் பார்த்தது. சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. மணம் மட்டும் குறைந்துபோனது. மணப்பொருள்களை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போயிருந்தன. டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் கூடியிருந்தன. அந்தக் குறிகள் இருக்கும் இடத்தில் மரபணு வாயை மூடிக்கொள்ளும். பழத்தை மீண்டும் அறை வெப்பநிலையில் 3 நாள் வைத்தும் மணம் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் 1 நாளோ 3 நாளோ மட்டும் குளிரில் இருந்த பழங்களுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை. பழுத்த தக்காளியை ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் நான் இந்த 3 நாள் கணக்கைத்தான் பார்க்கிறேன்.