விரல் இல்லாத ஏஐ கைப்பேசியைத் தட்டுவது எப்படி?

செங்காங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஏஐ ஏஜென்ட் தானே செயலியைத் திறந்து, பொத்தானை அழுத்திச் சோதித்துப் பார்க்கிறதாமே, அதற்குத்தான் விரலும் இல்லை கண்ணும் இல்லையே?"

முதலில், பெரும்பாலும் அங்கே கைப்பேசியே இல்லை. கணினிக்குள் ஓடும் போலிக் கைப்பேசிதான். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஒரு முழு ஆண்ட்ராய்டையே மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டுகிறது. ஆப்பிளின் சிமுலேட்டர் அவ்வளவு தூரம் போவதில்லை, செயலியை மேக் கணினியின் சிப்புக்கு ஏற்றபடி தொகுத்து ஐபோன் போன்ற சூழலில் ஓட்டிவிடுகிறது. இந்தப் போலிக் கைப்பேசிக்கும் ஏஜென்டுக்கும் நடுவில் ஒரு கருவி இருக்கும். 'திரையைக் கொடு', 'இங்கே தட்டு', 'இதை எழுது' என்று ஏஜென்ட் கேட்பதை அது கட்டளையாக மாற்றி அனுப்பும்.

திரையைக் கொடு என்றால் படம் பிடித்தும் கொடுக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. பெரும்பாலான செயலிகள் தம் திரையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு மரம் மாதிரி பட்டியல் வைத்திருக்கின்றன. பார்வையற்றவர்களுக்காக வந்தது அது. ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் அதைப் படித்துத்தான் உரக்கச் சொல்கின்றன. ஆண்ட்ராய்டில் ஒரே கட்டளையில் அந்த மரத்தை எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவக் கோப்பாக இறக்கிவிடலாம். பேருந்து வரும் நேரம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து இறக்கினால் இப்படி ஒரு வரி வரும்: வகை பொத்தான், பெயர் 'புதுப்பி', தட்டலாம், இடம் [864,1980][1032,2148]. முதல் ஜோடி இடது மேல் மூலை, அடுத்தது வலது கீழ் மூலை. நடுப்புள்ளி 948, 2064. அங்கே தட்டு என்று கட்டளை போனால் தீர்ந்தது, விரல் எதற்கு?

சரி, அந்தப் பொத்தானுக்குச் செயலியை எழுதியவர் பெயரே வைக்காமல், வெறும் வட்ட அம்புப் படத்தை மட்டும் போட்டிருந்தால்? பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பார்வையற்றவருக்கு அது 'பொத்தான்' என்று மட்டும் கேட்கும், ஏஜென்டும் அதே இடத்தில் முழிக்கும். பார்வையற்றவர்கள் பல வருடமாகக் கேட்டும் பெயர் வைக்காத நிறுவனங்கள் இப்போது ஏஜென்டுக்காக அவசர அவசரமாக வைக்கின்றன என்றால் எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. சிங்கப்பூரின் 2024 வரவு செலவுத் திட்டத்தில் ஏஐக்கு 5 ஆண்டுகளில் 100 கோடி வெள்ளிக்கு மேல் என்று அறிவித்தார்களே, அதில் ஒரு துளி இந்தப் பெயர் வைக்கும் வேலைக்குப் போனால் இரண்டு தரப்புக்கும் லாபம்.

அப்புறம், நடுவில் இருக்கும் அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதும் விளக்கக் குறிப்பு. இதைப் படிக்கப்போவது மனிதர் இல்லை, ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் மொழி மாடல். குறிப்பில் இல்லாததை அது பக்கத்து மேசையில் எழுந்துபோய்க் கேட்காது, ஊகித்துவிடும். ஐபோன் 15 திரையைப் படம் பிடித்தால் அகலம் 1179 பிக்சல், ஆனால் தொடுதலைக் கணக்கிடும் அலகில் அகலம் 393 தான். படத்தில் 900, 1800 என்ற இடத்தில் தெரியும் பொத்தானை 300, 600 இல் தட்ட வேண்டும். குறிப்பில் 'எக்ஸ், ஒய்' என்று மட்டும் எழுதி அலகைச் சொல்லாமல் விட்டால் தட்டல் திரைக்கு வெளியே போய் விழும். எமுலேட்டருக்கு ஜிபிஎஸ் இடம் கொடுக்கும் கட்டளை இன்னும் வேடிக்கை, அதில் தீர்க்கரேகை முதலில் வரும். சிங்கப்பூரை வழக்கம்போல 1.35, 103.8 என்று கொடுத்தால் அட்சரேகை 103.8 ஆகிவிடும், 90க்கு மேல் பூமியே இல்லை. சென்னையை அப்படி மாற்றிக் கொடுத்தால் அது செல்லுபடியாகும் எண், ஆள் சத்தமில்லாமல் வட துருவத்துப் பக்கம் போய் நிற்பார். 'தீர்க்கரேகை முதலில்' என்று இரண்டே சொல் குறிப்பில் இருந்தால் போதும்.

நம் ஆட்கள் கட்டாயம் எழுத வேண்டிய வரி ஒன்றும் உண்டு. ஆண்ட்ராய்டின் 'எழுது' கட்டளை விசைகளை அழுத்துவதுபோல நடிக்கிறது. தேக்கா என்ற இடப்பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் போகும், தமிழில் கொடுத்தால் அதற்கு விசை இல்லாததால் பிழை காட்டும். தமிழ் ஏறுவதற்குத் தனியாக ஒரு விசைப்பலகைச் செயலியை நிறுவி, அதன் வழியாக அனுப்ப வேண்டும். இது குறிப்பில் இல்லையென்றால் ஏஜென்ட் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஏஜென்ட் எங்கே தடுமாறும் என்று பார்க்க ஆசையா? உங்கள் கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கி, தினமும் புழங்கும் செயலியில் கண்ணை மூடிக்கொண்டு விரலை நகர்த்திப் பாருங்கள். அணைக்கும் வழியை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது ஓடும்போது ஒருமுறை தொட்டால் பெயரைத்தான் சொல்லும், இருமுறை தட்டினால்தான் வேலை நடக்கும்.