கணக்கு சரி, ஆனால் ஒரு மாப் உள்ளே: அறுவை அரங்கில் எண்ணும் கருவிகள்

ஆபரேஷன் தியேட்டருக்குள் வரும் மாப், அதாவது அறுவையின்போது ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி, வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாமல், ஐந்து ஐந்தாகக் கட்டி வருகிறது. வயிற்றுக்குள் போய் அரை மணி நேரம் ஆனால் அதே துணியை அடையாளம் தெரியாது. ரத்தம் குடித்து, கசங்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருண்டு, குடல் மடிப்புகளின் நடுவே அவற்றின் நிறத்திலேயே கிடக்கும். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் சட்டென்று பிடிபடாது. எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லாத பொருள் அது.

சென்னையின் பெரிய அரசு மருத்துவமனையானாலும் தெருமுனை நர்சிங் ஹோமானாலும் எண்ண வேண்டிய முறை ஒன்றுதான். சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும், மேசைக்கு வெளியே நின்று உதவும் சர்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து, ஒவ்வொரு துணியையும் பிரித்துக் காட்டி, வாய்விட்டு எண்ண வேண்டும். கத்தி வைப்பதற்கு முன் ஒரு தடவை. சிசேரியன் என்றால் கர்ப்பப்பையை மூடும் முன், வயிற்றை மூடும் முன், தோலைத் தைக்கும்போது என்று மறுபடி மறுபடி. நடுவில் டியூட்டி மாறினால் அப்போதும் ஒரு தடவை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்ச அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

இவ்வளவு செய்தும் துணி உள்ளே தங்குகிறது. அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டேயும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் உள்ளே தங்கிய 61 பொருள்கள் ஆராயப்பட்டன. அவற்றில் 69 சதவீதம் துணிகள். எண்ணிக்கை எடுக்கப்பட்ட நிகழ்வுகளில் 88 சதவீதத்தில் ‘கணக்கு சரி’ என்றே எழுதப்பட்டிருந்தது. அவசர அறுவையில் ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்றும் அந்த ஆய்வு காட்டியது.

கணக்கு எப்படிச் சரியாக வந்தது? ஐந்து இருக்க வேண்டிய கட்டுக்குள் ஆறு இருந்திருக்கும். இரண்டு ஒட்டிக்கொண்டதால் பிரிக்காமல் ஐந்து என்று எழுதுகிறார்கள். கடைசியில் ஐந்து வெளியே வருகிறது, ஆறாவது உள்ளே. அல்லது முந்தைய நோயாளியின் துணி ஒன்று, வெளியே எடுத்த மாப்களைப் போடும் பக்கெட்டிலேயே கிடந்து இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன. அதனால்தான் புது நோயாளி வரும் முன் பக்கெட் முழுக்கக் காலியாக வேண்டும். ஒரு கட்டுக்குள் துணிகளின் எண்ணிக்கை குறைந்தாலோ கூடினாலோ அந்தக் கட்டையே தனியே கட்டி ஒதுக்க வேண்டும், பிரித்துப் பயன்படுத்தக் கூடாது.

தாளில் சரி என்று எழுதியிருப்பது சட்டத்தின் முன் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 1963இல் மகாராஷ்டிரத்தில் கருத்தடை அறுவையின்போது வயிற்றில் விடப்பட்ட மாப் பற்றிய வழக்கில், அப்படி விடப்பட்டதே கவனக்குறைவைக் காட்டுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 33 வருடம். அந்தப் பெண் அதற்குப் பல காலம் முன்பே இறந்துவிட்டார்.

கருவிகளுக்கு வருவோம். இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: எத்தனை வெளியே வந்தது? உள்ளே ஏதாவது இருக்கிறதா? எந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் வாங்கினால் பணமும் வீண், நம்பிக்கையும் ஆபத்து.

முதல் கேள்விக்கான கருவி பார்கோடு. ஒவ்வொரு மாப்பிலும் தனி எண் கொண்ட சதுரக் கட்டக் குறியீடு ஒட்டியிருக்கும். உள்ளே போகும்போது ஒரு ஸ்கேன், வெளியே வந்ததும் ஒரு ஸ்கேன். ஒரே துணியை இரண்டு முறை காட்டினால் கருவி ஏற்காது. நேற்றைய துணியையும் ஏற்காது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் இந்த முறையில் 18 மாதங்களில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மாப்கள் எண்ணப்பட்டன. ஒன்றுகூட உள்ளே தங்கவில்லை. ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தக் கட்டின் மேலுள்ள ஒரே குறியீட்டை ஸ்கேன் செய்து ஐந்தையும் பதிந்தால், கூடுதலாக ஒட்டியிருக்கும் ஆறாவது துணி பட்டியலிலேயே இருக்காது. கையால் பிரித்துப் பார்ப்பதைக் கருவி வந்தாலும் விட முடியாது. குறியீட்டின் மேல் ரத்தம் உறைந்தால் துடைத்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு ரேடியோ அலை. அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய சில்லு ஒன்று துணியில் தைக்கப்பட்டிருக்கும். அதில் பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து வரும் காந்தப்புலமே அதற்கு மின்சாரம் தந்து பதில் சொல்ல வைக்கிறது. இங்கே அதிர்வெண்தான் எல்லாம். கடைகளில் சரக்கு எண்ணப் பயன்படும் 865 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். நனைந்த துணியும் மனித உடலும் பெரும்பாலும் தண்ணீர்தானே. 13.56 மெகாஹெர்ட்ஸிலும் அதற்குக் கீழும் வேலை செய்யும் சில்லுகள் காந்தப்புலத்தையே நம்புகின்றன. உடல் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. உலோகம் தடுக்கும். மேசையின் எஃகும், வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்க வயிற்றில் நிற்கும் ரிட்ராக்டரும் எதிர்ச்சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அந்தப் புலத்தைக் கெடுக்கும். அதனால் ரிட்ராக்டரை எடுத்த பிறகே, கருவியை உடலுக்கு அருகில், விலா முதல் இடுப்பு வரை மெதுவாக நகர்த்த வேண்டும். பருமனான நோயாளியில் தூரம் கூடுவதால் இன்னும் பொறுமை வேண்டும். பக்கெட்டில் சில்லுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் ஒன்றின் அதிர்வெண்ணை மற்றொன்று மாற்றும். எண்ணிக்கை குறைத்தே காட்டும். துணிகளைப் பரப்பிவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

சில்லில்லாத சாதாரண காஸ் துண்டு இந்தக் கருவிக்கு இல்லாத பொருள். அதனால் காயத்தின் மேல் கட்டும் டிரெஸ்ஸிங் காஸை தோல் தைத்து முடியும் வரை பிரிக்கவே கூடாது.

கணக்கு பொருந்தாவிட்டால், நோயாளியின் நிலை அனுமதிக்கும் வரை மூடுவதை நிறுத்த வேண்டும். சர்ஜன் கையால் தேட, மற்றவர்கள் பக்கெட், விரிப்பு மடிப்பு, தரை, செருப்பின் அடிப்பக்கம் வரை பார்க்க வேண்டும். பிறகு தியேட்டரிலேயே எக்ஸ்ரே. பேரியம் சல்பேட் கலந்த நூல் பின்னிய மாப் படத்தில் சுருண்ட வெள்ளைக் கோடாகத் தெரியும். நூலில்லாத துணி தெரியவே தெரியாது. என்ன காணவில்லை என்று படம் பார்ப்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஊசி பெரும்பாலும் தப்பிவிடும். ஊசிகளுக்கு எண் போட்ட காந்தப் பெட்டியே நம்பகமானது.

ஸ்கேனர் வாங்க வசதியில்லாத இடத்துக்கு, பத்து அறைகள் கொண்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை ஒன்று கம்பியில் தொங்கினால் போதும். வெளியே வரும் மாப்பைப் பிரித்து அறைக்கு ஒன்றாகப் போட வேண்டும். பதினோராவது மாப் வந்தால் அடுத்த பை. கடைசியில் ஓர் அறை காலியாக இருந்தால், ஊசி நூலோடு நிற்கும் சர்ஜனுக்கு மேசையிலிருந்தே அது தெரியும்.