எந்தக் காத்து என்று சொல்லுங்கள்: கடலோர எச்சரிக்கையும் மீனவர் பேச்சும்

கடலோரக் கிராமங்களில் பேரிடர் முன்னெச்சரிக்கைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்று அலுவலகங்களில் கேட்டால், பெரும்பாலும் சேர்ந்துவிட்டது என்றுதான் பதில் வரும். குறுஞ்செய்தி போயிருக்கும், ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள், மீன் இறங்குதளத்தில் தாள் ஒட்டியிருப்பார்கள். கேட்டவர் அதிலிருந்து என்ன புரிந்துகொண்டார் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

அறிக்கையின் வாசகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும், மீனவர்கள் அங்கு செல்ல வேண்டாம். விட்டுவிட்டு வேகமெடுக்கும் பலத்த காற்றைத்தான் இங்கே சூறாவளிக்காற்று என்கிறார்கள். ஆனால் கரையில் இருப்பவருக்குச் சூறாவளி என்றால் புயல். தென்மேற்குப் பருவ மாதங்களில் இதே வாசகம் நாள் கணக்கில் தொடர்ந்து வரும். புயல் எதுவும் வரவில்லை என்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். கொஞ்ச நாளில் அந்தச் சொல் காதில் விழுவதே நின்றுவிடுகிறது. பிறகு உண்மையிலேயே புயல் வரும்போது சொல்வதற்கு நம்மிடம் வேறு சொல் மிச்சமில்லை. 'கூண்டு ஏத்தியாச்சா?' என்று துறைமுகத்துப் பக்கம் விசாரிக்கிறார்களே, அந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணுக்கு இருக்கும் மரியாதை நம் வாசகத்துக்கு இல்லை.

பாம்பன் பக்கம் ஒரு பயிற்சியில் வயதான மீனவர் ஒருவர் என்னை நேராகவே கேட்டார்: "சூறாவளின்னு தினமும்தான் சொல்றீங்க சார். அடிக்கிறது கச்சானா, வாடையா? அதச் சொன்னா போட்ட எங்க கட்டணும்னு நாங்க பாத்துக்குவோம்."

அவர் கேட்டது பேச்சு வழக்குக்காக அல்ல. பாம்பன் தீவில் இரண்டு கடல் இருக்கிறது. நாம் வரைபடத்தில் மன்னார் வளைகுடா என்று எழுதுவது அவர்களுக்குத் தென்கடல். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வடக்குப் பக்கத்திலிருந்து வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழ். அதனால்தான் பருவத்துக்குத் தக்கபடி படகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோகிறார்கள். எந்தப் பக்கம் கட்டினால் படகு பிழைக்கும் என்ற கேள்விக்குப் பதில் காற்றின் பெயரில் இருக்கிறது. நம் அறிவிப்பில் வேகம் இருக்கிறது, அந்தப் பெயர் இல்லை.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இந்தக் காற்றுப் பெயர்களைக் கொச்சை என்று நினைக்கும் அதிகாரிகளை இன்றும் பார்க்கிறேன். வாடையும் கொண்டலும் பழைய இலக்கியத்தில் புழங்கிய சொற்கள். நகரத்தில் நாம் தொலைத்துவிட்டோம், கடற்கரையில் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் இந்தப் பேச்சுக்காகக் கேலி செய்வதைக் கேட்கும்போது எனக்கு ஆத்திரமாக வரும்.

அதே சமயம் ஓர் ஊரின் சொல்லை அப்படியே அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. பாம்பனில் கச்சான் என்பது தென்மேற்கு, மேற்குப் பக்கத்துக் காற்று. சென்னைக் குப்பங்களில் தெற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பார்கள். கடல் நீரோட்டத்துக்குத் தென்மாவட்டக் கரைகளில் நீவாடு என்று பெயர். சென்னைப் பக்கம் அது வெள்ளம். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் வன்னி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் தெண்டி. அங்கே போய் 'வெள்ள எச்சரிக்கை' என்று மட்டும் சொன்னால் எந்த வெள்ளம் என்று கேட்பார்கள், நியாயம்தான். மீன் பெயர்களிலும் இதே கதை. சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, கன்னியாகுமரியில் நெய்மீன், மூன்றும் ஒரே மீன். சென்னையில் சீலா என்று கேட்டால் வேறு மீன் வரும். சந்தையில் இதனால் பெரிய நஷ்டமில்லை, எச்சரிக்கையில் அப்படி விட முடியாது.

கரையோரச் சொல் அறிவியலுக்குள் போன கதையும் உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாதபோது கடல் திடீரென ஏறிவருவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்றார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ உருவான புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதுவதுதான் காரணம். 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. இன்று ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. கடல் பக்கமே வாழாத தமிழர்கள் பலரின் காதில் அந்தச் சொல் விழுந்தது அதன் பிறகுதான். ஆக, கரைச் சொல்லைப் போட்டால் மட்டும் போதாது. சுற்றுலா வருகிறவருக்கு 'அலை சொல்லாமல் ஏறும், காலைக்கூட நனைக்காதீர்கள்' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாப் பழியையும் மொழி மீது போடவும் மாட்டேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குச் செய்தியே எட்டவில்லை. கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்குப் படகில் இருக்கும் விஎச்எப் வானொலிக் கருவி பேசாது. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் நாவிக் கருவிகள் வந்தன. செய்தி எட்டும் வழி வந்துவிட்டதால், எட்டும் வாசகம் எப்படி இருக்கிறது என்று இப்போது பார்த்தே ஆக வேண்டும்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலோரத்தில் 'சொறி பட்டுருச்சு' என்று ஒருவர் வந்தால் தோல் அரிப்பு என்று களிம்பு எழுதிவிடாதீர்கள். சொறி என்பது ஜெல்லி மீன். சில வகை கொட்டினால் மூச்சே திணறும். கடலுக்குள் பட்டதா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு இறங்குதளத்துக்கும் காற்று, நீரோட்டம், கடல் பகுதி ஆகியவற்றின் பெயர்களை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறிவிப்பில் இருக்கும் எண்களை நீக்க வேண்டாம்; ஜிபிஎஸ் பார்த்து ஓட்டும் இளைஞர்களுக்கு அதுதான் வசதி. பக்கத்திலேயே ஊர்ப் பெயரையும் போடுங்கள். அறிவிப்பை அந்த ஊர்க் குரலில் பதிவு செய்யுங்கள். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4-இல் மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. மற்ற ஊர்களிலும் ஊர்க் குரலுக்கு ஒரு வழி செய்ய முடியும். நாமே அவர்களைப்போல் பேசிக் காட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கேட்பவருக்கு அது கிண்டலாகத்தான் படும்.

அப்புறம், 'மீனவர்கள்' என்ற சொல்லையும் கவனியுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுக்க முங்குகிற பெண்கள் நிறையப் பேர். மீனவர்கள் செல்ல வேண்டாம் என்றால் ஆம்பளைகளுக்குச் சொல்கிறார்கள் என்று அவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். 'பாசிக்குப் போறவங்களும் இன்னைக்கு இறங்க வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அனுப்புவதற்கு முன் அவர்களில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, 'இதைக் கேட்டால் இப்போ என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்தபடி இல்லை என்றால், அறிவிப்பைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.